இரண்டு கட்டம்

பாளையங்கோட்டை. குற்றவாளி என்று நேற்றே சொல்லியாயிற்று.
இன்றைக்குத் தண்டனை பற்றிய வாதம் மட்டும்.
அய்யா பெஞ்சில் ஏறும் முன்பே
தாளில் கோடு போட்டு வைத்தேன்:
இடப்பக்கம், குற்றத்தைக் கடுமையாக்குபவை.
வலப்பக்கம், தணிப்பவை.
பதினாறு வருஷமாக ஸ்கேல் வைத்துத்தான் இழுக்கிறேன்.
ஆனாலும் இடப்பக்கம் கொஞ்சம்
அகலமாகவே விழுகிறது.

இரவு, என்றார் அரசு வக்கீல்.
சூரியன் விழுந்து எழுவதற்குள் செய்தது
பகலில் செய்ததைவிடக் கனம்.
அடித்தேன்: இரவு.

தூக்கம், என்றார்.
வாழைத் தோட்டத்து மோட்டார் ரூம்,
புழுக்கத்துக்குக் கதவைத் திறந்துபோட்டுக்
கயிற்றுக் கட்டிலில் கிடந்த சிவனணைந்தபெருமாள்,
வயது அறுபத்தெட்டு, ஒரு கண்ணில் புரை.
அடித்தேன்: தூக்கம், முதுமை, பார்வைக்குறைவு.

வெட்டு ஏழு.
மூன்றாவதிலேயே உயிர் போயிற்று என்பது டாக்டர் சாட்சி.
மீதி நாலு யாருக்கு, என்று கேட்டார்.
ஃபேன் சுற்றியது.
நான்கு என்று எழுத்தாலும் அடித்து
எண்ணாலும் அடித்தேன்.

அப்புறம்
டீக்கடை ஞானதிரவியத்தின் பற்று நோட்டு,
சான்றுப்பொருள் ஒன்பது, அட்டையெல்லாம் வடைப் பிசுக்கு.
பதினாலு மாசப் பாக்கி நானூற்று எழுபத்திரண்டு ரூபாயை
அன்று காலையில்தான் மந்திரம்
சில்லறையாக எண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
"திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்தவன்தான்
இப்படிக் கணக்குத் தீர்ப்பான்."
முன் திட்டம், என்று அடித்தேன்.
கடன் அடைத்தது இடப்பக்கம் ஏறியதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இலவச சட்ட உதவி வக்கீல் சின்னப் பையன்.
முன்குற்றம் இல்லை, என்றான். இரண்டு பெண்பிள்ளைகள், என்றான்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
முன்குற்றம் இல்லை, என்று மறுபடியும் சொன்னான்.
ஒரு தடவைதான் அடித்தேன்.

நீ ஏதும் சொல்லணுமா, என்றார் அய்யா.

மந்திரம் கூண்டுக் கம்பியைப் பிடித்தான்.
"தூங்கலய்யா அவரு."
சின்ன வக்கீல் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.
"கதவு உள்ள தாப்பா போட்டிருந்தது. தட்டினேன்.
யாருலன்னாரு.
நாந்தான் மொதலாளி, மந்திரம், தண்ணி வந்துட்டுன்னேன்.
எந்திரிச்சு வந்து தொறந்தாரு."

போலீஸ் மகஜரில் இல்லாத கதவு அது.
எந்தச் சாட்சியும் தட்டாத கதவு.

தண்ணி என்று பொய் சொல்லிக் கூப்பிட்டாய், என்றார் அரசு வக்கீல்.

"பொய்யில்லய்யா.
கன்னடியன் கால்வாய்ல அன்னைக்குத்தான் தொறந்துவிட்டான்.
ரெண்டு வயலுக்கும் பாய்ச்சி,
வரப்பு ஒடப்பெல்லாம் அடைச்சுட்டுத்தான்
போய்த் தட்டினேன்."

எவ்வளவு நேரம் ஆச்சு பாய்ச்ச?

"மூணு மணி நேரம்."

மூன்று மணி நேரம், என்றார் அரசு வக்கீல் பெஞ்சைப் பார்த்து,
அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லத் தேவையில்லை.

அப்படி என்னதான் சொன்னார் அவர் உன்னை?
அதற்கு மட்டும் மந்திரம் வாய் திறக்கவில்லை.
கம்பியில் பெயின்ட் உரிந்த இடத்தை
நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான்.

அய்யா என்னைப் பார்த்தார்.
தூக்கத்தை அடித்துவிட்டு
நம்பிக்கை, என்று அடித்தேன்.
இடப்பக்கம்தான்.
குரல் தெரிந்து கதவு திறந்தவரின் நம்பிக்கை.
அதைத் தானாகச் சொன்னவனின் வாய்
எந்தப் பக்கம் என்று
அய்யாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
வலப்பக்கம் அடியில் நாலு விரல் இடம்
வெள்ளையாகவே கிடந்தது.

உத்தரவு திங்கட்கிழமை.

சாயந்திரம் கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடையில்
என் பேரில் பாக்கி பதினெட்டு ரூபாய்.
கையில் இருபது ரூபாய்த் தாள் இருந்தது.
எடுத்தேன்.
மடித்துத் திரும்பவும் பர்சில் வைத்துக்கொண்டு
நாளைக்குத் தாரேன், என்றேன்.
அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.