ஒரு சுழி அதிகம்

பந்தயம் முடிந்ததும் ஜெயித்த குதிரையை
என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.
நான் விசிலடிப்பேன்.
அது மூத்திரம் பெய்யும்.
பதினோரு வருடமாக இதுதான் வேலை,
ராஸ் அல் கைமா நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பி
சிமென்ட் ஆலையைத் தாண்டி வரும் மைதானத்தில்.
விசாவில் பொது உதவியாளர் என்றிருக்கிறது.

நீண்ட கோலின் நுனியில் ஒரு கோப்பை.
அவசரப்படுத்தக் கூடாது.
விளக்கைத் தணித்து, ஒரே சுருதியில்,
உதடு காயும்வரை.
சில குதிரைக்கு ஐந்து நிமிடம்.
நஜ்லா என்றொரு செம்பழுப்புக்காரி
இரண்டு மணி நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்று
கடைசியில் என் செருப்பில் பெய்தாள்.

குப்பி இரண்டு. ஏ ஆய்வகத்துக்கு.
பி, சந்தேகம் வந்தால் திறக்க.
சிவப்பு சீல், ஐந்து இலக்க எண்.
டாக்டர் ஒரு கையெழுத்து, குதிரைக்காரன் ஒன்று,
சாட்சி என்ற கட்டத்தில் நான்:
வி. பொன்னுலிங்கம்,
அந்தத் தாளிலேயே தமிழாக இருப்பது அது ஒன்றுதான்.

குளிர்பெட்டிச் சாவி செயலாளரிடம்.
செயலாளர், தலைவரின் மருமகன்.
தலைவருக்கு இருபத்தாறு குதிரை.
எடை பார்ப்பவர் தலைவரின் லாய மேனேஜருக்குச் சகலை.
மேல்முறையீட்டுக்கு மூன்று பேர்;
மூவருக்கும் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு தலைவர் வீட்டில்.
இங்கே பணம் கட்டி ஆடுவது ஹராம்,
ஆகவே மோசடிக்கு வழியே இல்லை என்று
ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.
ஜெயித்தவர்க்கு வண்டி ஒன்று ரிப்பன் கட்டி நின்றது.

பிப்ரவரியில் ஸஹாபைக் கொண்டுவந்தார்கள்.
கண்ணில் வெள்ளை தெரிந்தது.
என் விசில் அதன் காதில் ஏறவில்லை.
குல்ஸமான் முன்காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டே
"இதுக்கு வலி தெரியலை,
தெரிஞ்சிருந்தா வழியிலயே நின்னிருக்கும்" என்றான் உருதுவில்.
மூன்றரை மணி நேரம்.
சீல் எண் 40718.
உள்ளங்கையில் எழுதி, பிறகு
கேஸ் சிலிண்டர் ரசீதின் பின்னால் எழுதினேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

மூன்றாம் நாள் தரை கழுவப் போனபோது
குளிர்பெட்டி திறந்து கிடந்தது.
மோர் பாட்டில்களுக்கு நடுவே
அதே பெயர், அதே தேதி,
40733.
சாட்சி: வி. பொண்ணுலிங்கம்.
பார்த்து வரைந்தவனுக்குச் சுழியில் கைதவறிவிட்டது.
சிரிப்பு வந்தது முதலில்.

முடிவு: சுத்தம்.
இருபதே நாளில் மறுபடி ஓடவிட்டார்கள்.
கடைசி வளைவில் முன்கால்
குச்சி ஒடிகிற மாதிரி.
பச்சைத் திரையைப் பிடித்தவர்களில் நானும் ஒருவன்.
யாரோ போனில் எடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் சீர்திருத்தம் வந்தது.
இரண்டு பக்கப் படிவம் நான்கு பக்கமானது.
சிவப்பு சீல் மஞ்சளானது.
கோட்டுப் போட்டவர்கள் வந்து திரையில் அம்புக்குறி காட்டினார்கள்.
புதிய நேர்மைக் குழு; அதற்கும் அவரே தலைவர்,
ஆனால் வேறு நாற்காலி.

என்னையும் கூப்பிட்டார்கள்.
என் பாஸ்போர்ட் இருக்கும் அலமாரி உள்ள அதே அறை.
இது உன் கையெழுத்தா?
"ஒரு சுழி அதிகம்" என்றேன்.
மொழிபெயர்க்க வந்த திரூர்க்காரர் பேனாவை நிறுத்தினார்.
"சுழியா? சுழின்னா?"
காற்றில் வரைந்து காட்டினேன்.
இரண்டு. மூன்று.
அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.
அவருக்கும் விசா இருக்கிறது.
அரபியில் ஏதோ சொன்னார், சின்னதாக.
சாட்சி உறுதிசெய்தார் என்று பதிவானது.

நான்கு பக்கம் வேண்டாம், ஐயா.
அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போடுங்கள்.
ஒரு சாவியைக்
குதிரை இல்லாதவன் யாரிடமாவது கொடுங்கள்.
இந்த மைதானத்தில் அப்படி நிறையப் பேர் இருக்கிறோம்.

இன்றைக்கு ஏழு பந்தயம்.
குல்ஸமான் ஊருக்கு அனுப்பப்பட்டான்.
ரசீது தலையணை உறைக்குள், இப்போது எண் முப்பத்தொன்று.
முதல் குதிரை வருகிறது, சாம்பல் நிறம்,
பெயர் இன்னும் தெரியாது.
உதட்டை ஈரப்படுத்திக்கொள்கிறேன்.