நாற்பத்தொரு பிரதிகள்

உட்காருங்க டீச்சர், மெஷின் சூடேற நேரமாகும்.
ஆரியங்காவு மழை கணவாய் வழியே இறங்கிவிட்டால்
புளியரையில் தாளெல்லாம் நமுத்து ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் கட்டின் மேல்தாளைப் படித்துவிட்டேன், மன்னிக்கணும்.
பதினெட்டு வருசமாய் அடுத்தவர் தாளைக் கவிழ்த்துப் போட்டுப் போட்டுத்
தலைகீழாய் வாசிக்கப் பழகிய கண்.
கொழும்பு முத்திரை. ஆண் குழந்தை. நாலு வயசு.
என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்கிறீர்கள்.

எதிரே பாருங்கள், செக்போஸ்ட்.
ஒரு லாரி வாழைத்தார் கேரளத்துக்குள் போக மூன்று தாள்.
எங்கள் லியானா இங்கே வர நாற்பத்தொன்று.
எல்லாம் நானே எடுத்தேன், என் கடையில், என் மையில்.
அதில் ஒன்று என் கர்ப்பப்பையைப் பற்றியது.
அதற்கும் மூன்று பிரதி கேட்டார்கள்.

வீடு பார்க்க ஒரு அதிகாரி வருவார்.
எத்தனை அறை, என்ன கூரை, கிணற்றுக்கு மூடி உண்டா என்பார்.
இரும்பு மூடி போட்டோம்.
பிறகு பதினாலு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை.
மூடி துருப்பிடித்தது.
இவர் இரண்டாம் தடவை பெயிண்ட் அடித்தார், பச்சை.

என் கொழுந்தன் பூதத்தான் பெற்ற பிள்ளை.
ஈப்போவில் ஓட்டல் வேலை, அந்த ஊர்ப் பெண்ணோடு கல்யாணம்,
ஒரு ராத்திரி, நெடுஞ்சாலை, இரண்டு பேரும்.
அப்புறம் ரெண்டு வருசம் ஏதோ ஒரு இல்லம்.
அங்கே என்ன என்று அவள் சொன்னதில்லை,
நான் கேட்டதில்லை.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் பருத்திச் சேலை கட்டிப் போனேன்,
கன்னத்தில் ஜரிகை உறுத்தக்கூடாதே.
அவள் என்னைத் தாண்டிப் போய்
டிராலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.
வீடு வரை மலைப்பாதையில் ஒரு வளைவிலும் அழவில்லை.
நல்ல பிள்ளை என்றேன் இவரிடம்.
தப்பு டீச்சர்.
அழாத பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள்.

அன்று ராத்திரி 'ஆயர், ஆயர்' என்றாள்.
இல்லத்து ஆயாவைத் தேடுகிறாள் என்று
அணைக்கப் போனேன், கடித்துவிட்டாள்.
தண்ணீர் கேட்டிருக்கிறாள்.
காலையில் பக்கத்து வீட்டுச் சாந்தம்மா வந்து
"வெள்ளம் வேணோ மோளே" என்றதும்
அதற்கும் முழித்தாள்.
இந்த எல்லையில் சொம்புக்குள் இருப்பதற்கு
முன்பே இரண்டு பெயர்.
மூன்றாவதையும் சேர்த்து ஊற்றிவைத்தோம்.

தலையணை உறைக்குள் பிஸ்கட் இருக்கும். எறும்பு வரும்.
எறும்பை மட்டும் தட்டுங்கள்.

ஷூவைக் கழற்றமாட்டாள்.
பாயில், ஊஞ்சலில், காய்ச்சலில்கூட.
இவர் தூங்கும்போது கழற்றப் பார்த்தார்.
கண்ணைத் திறக்காமலே காலை மடக்கிக்கொண்டாள்.
யாரோ எழுப்பி, கிளம்பு என்று சொல்லிப்
பழகிய கால் அது, என்ன செய்ய.

அம்மா என்று கூப்பிடுவாளா?
டிரைவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு
ஜெராக்ஸக்கா என்கிறாள்.
சோறு வேணும் ஜெராக்ஸக்கா. பல்லு ஆடுது ஜெராக்ஸக்கா.
முதல் மாதம் பின்கட்டில் போய் அழுதேன்.
இப்போது வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால்
எரிச்சலாக வருகிறது.

வைக்கோல் லாரிக்காரர் ஒருத்தர் கேட்டார்,
"யாருக்கா பிள்ள? ஒங்க சாடையே இல்லியே."
கண்ணாடிமேல் அவள் தன் உள்ளங்கையை வைத்து
மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள்.
"இது ஒரிஜினல் அண்ணாச்சி" என்றேன்.
சில்லறை கொடுக்காமலே போய்விட்டார்.

அந்தக் கைப்படம் இரண்டு எடுத்தாள்.
ஒன்று ஈப்போவுக்கு அனுப்பச் சொன்னாள்.
யாருக்கு என்று எழுதத் தெரியவில்லை.
டிராயரில் இருக்கிறது, நாற்பத்திரண்டாவதாக.

கரண்டு வந்துவிட்டது. கொடுங்கள்.
எத்தனை பிரதி? மூன்றா? ஐந்தாய் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

இன்னொன்று.
இன்று காலை வாசல் பெருக்கப் போனேன்.
படிக்கட்டில் ஒரு ஷூ கிடந்தது.
ஒன்றுதான்.
மற்றது காலில், தூங்குகிறாள்.