வியாழக்கிழமைக் கடிதம்

வாராவாரம் வியாழனன்று வரும்.
நீல மை, எப்போதும் கோணலாக ஒட்டிய தபால்தலை.
"அம்மையாரே, நேற்றிரவு உங்கள் பன்றிகள்
என் தலையணைக்குள் படுத்திருந்தன."
இன்னொரு வாரம்: "என் வெண்ணெயில் அவற்றின் சுவை."
கீழே, தோர்கில்,
தேவாலய ஆர்கன்களுக்குச் சுருதி சேர்த்து ஓய்வுபெற்றவர்.

போடில் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தாள்.
ஜட்லாந்தின் மேற்குக் கரையில்
காற்று யார் பேச்சையும் கேட்பதில்லை.
முந்நூறு பன்றிகளின் எரு
அம்மோனியாவாக எழுந்து
அவர் சன்னலைத் தேடியே போயிற்று.
நாற்றம் என்றால் நறுமணம் என்றிருந்த காலம்
தமிழுக்கு ஒன்று உண்டு.
அவரிடம் சொல்ல அங்கே ஆளில்லை.

நவம்பர் புயலில் அவருடைய பீச் மரம் சாய்ந்தது.
எடுத்துப்போனால் போதும் என்றார்
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று,
மூக்கில் கைக்குட்டையோடு.

இரும்புக் கூம்பில் அடுக்கித் தீ வைத்தாள்.
மேலே ஆடும் சுவாலை கீழே காற்றை விடாது;
சாம்பலாகப் போக வழியில்லாமல்
மரம் கரியாய் நின்றது.
தண்ணீர் ஊற்றியதும் சீறியது,
பிறகு வெகுநேரம்
மெல்லிய கண்ணாடி நொறுங்கும் ஓசை.

இடித்தாள். வைக்கோல், எரு, கரி,
மறுபடி எரு.
நான்காம் நாள் வெப்பமானி அறுபத்திரண்டு காட்டியது.
முற்றமெல்லாம் உறைபனி,
குவியலின் உச்சியில் மட்டும் இல்லை.
காற்றில் ஓடிப்போக இருந்த தழைச்சத்து
கரியின் கோடித் துளைகளில்
வாடகையின்றிக் குடியேறியது.
கிளறிவிட்டு மண்வெட்டியை முகர்ந்தாள்:
மழைக்குப் பிந்தைய காட்டுத்தரை.

வியாழன். கடிதம் இல்லை.
அடுத்த வியாழனும்.
மூன்றாம் வாரம் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள்;
ஒரு விதை விளம்பரம், ஒரு சிலந்தி.
ஒரு குவியலை மட்டும் கரியில்லாமல் விட்டால் என்ன?
இதை அவள் பன்றிகளிடம் மட்டுமே கேட்டாள்.

மார்ச்சில் வந்தது, அதே நீல மை.
"அம்மையாரே, உங்கள் பக்கம் அமைதி.
ஆனால் என் வீட்டில் ஏதோ நாறுகிறது.
பதினோரு ஆண்டு நீங்கள்தான் என்று இருந்துவிட்டேன்.
சமையலறையா, நிலவறையா, நானேதானா,
தெரியவில்லை."

ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே கிளம்பினாள்,
எருவில் சேராத கரி ஒரு வாளி.
அவருடைய மரம்தான்.
இன்னும் பசியோடு இருந்தது.