கோத்துவிடுதல்

ஹேவ்லாக் சதுக்கம், ஏழாம் நீதிமன்றம்.
"இருளப்பன் என்னையும் கோத்துவிட்டுட்டான் ஐயா"
என்றார் துவாஸ் கப்பல்பட்டறை வெல்டர் மாசிலாமணி.
மொழிபெயர்க்க எனக்கு மூன்று விநாடி.

மாட்டிவிட ஒரு கொக்கியாவது வேண்டும்.
இழுத்துவிட்டான் என்றால்
இழுத்த கை எங்கே என்பார்கள்.
கோத்துவிட ஊசி போதும்:
வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம்,
ஐந்து பேர்,
ஓரத்தில் இவர்,
பிளாஸ்டிக் பையில் கட்டிய தேயோடு,
பாதி கண் மூடி.

பஃபலோ ரோட்டுப் பூக்காரி
மொட்டிடம் கேட்டுக்கொண்டா கோக்கிறாள்?
பக்கத்து மொட்டு யார் வீட்டுச் செடி என்று
எந்த மொட்டுக்குத் தெரியும்?

ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னேன்.
அகராதிப்படி சரியான சொல்.
நூலும் இல்லை அதில், ஊசியும் இல்லை.
நீதிபதி குறித்துக்கொண்டார்.

மாசிலாமணி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்,
அப்படியே சொல்லிவிட்டேன் என்று நம்பி.