இந்தியாவில் அறிந்தவர்

சொந்த ஊர் எது என்று கேட்டேன்.
ப்துய் என்றான்.
இந்த ஊர் இல்லை சார்,
நீங்க பிறந்த ஊர்.
ப்துய்
என்றான் மறுபடி, உதட்டில் உமி ஒட்டியவன் போல.
நான் புதுவை என்றே எழுதியிருந்தேன்.
பாஸ்போர்ட்டைத் திறந்து
விரலை வைத்துக் காட்டினான்.
ஸ்லோவேனியாவில் அப்படி ஓர் ஊர் இருக்கிறது.
ஆறு உண்டாம். கடல் இல்லை.

நெல்லித்தோப்பில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, விசா நீட்டிப்பு.
கம்ப்யூட்டரில் ஏற்றும் முன்
தாளில் பென்சிலால் நிரப்பிப் பார்ப்பது என் வழக்கம்.
கரண்ட் போனாலும் தாள் இருக்கும்.

முதல் வருஷம்
முன்னால் நிற்பவருக்கும் தனக்கும் நடுவே
ஒரு கை நீளம் விட்டு நின்றான்.
அந்த இடைவெளியில் ஆறு பேர் நுழைந்தார்கள்.
ஆறாவது ஆள் என் வீட்டுக்காரர்.

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.
மறுநாள் ஒன்பது மணிக்கு
பூட்டிய ஷட்டர் முன் நின்றிருந்தானாம்.
அது ஒரு பேச்சு என்று
எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?
நான் வந்தது பதினொன்றரைக்கு.

சில்லறைக்குப் பதில் நான் கொடுத்த மிட்டாய்களைச்
சேர்த்து வைத்து
ஒருநாள் மேஜையில் கொட்டினான், பதினான்கு.
ஏழு பக்கத்துக்கு இது போதுமா?
நியாயம்தான். வாங்கிக்கொண்டேன்.

மத்யாஷ் என்று பெயர்.
சேதராப்பட்டில் மருந்து அடைக்கிற மிஷினோ
மாவு அடைக்கிற மிஷினோ
பூட்ட வந்தவன்.
டீக்கடையில் மாத்தையா.
கூரியர் பையனுக்கு மாடி வெள்ளைக்காரர்.
எதற்கும் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தான்.

தமிழ் வகுப்புக்கும் போனான்.
அங்கே கிடைத்தது 'தங்கள் நலமறிய ஆவல்'.
இரண்டாம் வருஷ மழையில்
ரெயின்போ நகரில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியபோது
கீழ்வீட்டு ஃபிரிட்ஜை மாடிக்குத் தூக்கிய நாலு பேரில்
இவனும் ஒருவன்.
பிடி. மெதுவா. சுவரு. விடாதே. ஐயோ காலு.
அன்று வந்த வார்த்தைகள்தான் இன்றும் நிற்கின்றன.
கடையில் காசு நீட்டும்போதும்
'பிடி' என்கிறான்.

போறேன் என்று சொல்லித்தான் கிளம்புவான்.
எனக்குத் திக்கென்னும்.
அப்படிச் சொல்லக்கூடாது சார்,
போயிட்டு வரேன்னு சொல்லணும்.
என் தப்பு. மீதியையும் சொல்லியிருக்க வேண்டும்.
வீட்டு ஓனர் அரிகிருஷ்ணன் தவறிய அன்று
மாலை போட்டு, கும்பிட்டு,
எல்லோர் முன்னாலும் தெளிவாக
'போயிட்டு வரேன்' என்றான்.
தப்படிக்கிறவர் கைகூட ஒரு கணம் நின்றது.
அரிகிருஷ்ணன் சம்சாரம்
அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டது.
யாரும் திருத்தவில்லை.

பழகிக்கொண்டான் என்று சொல்லலாமா,
தெரியவில்லை.
போன டிசம்பரில் ஒரு சாயங்காலம்
ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து
மிஷினுக்காகப் போட்ட ஏசியைப்
பதினாறுக்கு இறக்க முடியுமா என்றான்.
அதன் கீழே போய் நின்றான், கண்ணை மூடி.
ஐந்து நிமிஷம் இருக்கும்.
நான் வெறும் தாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்,
ஏதோ வேலை இருப்பதுபோல.

முந்தாநாள் நாலாவது நீட்டிப்பு.
கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்:
இந்தியாவில் அறிந்தவர் பெயர், முகவரி, உறவு.
முதலில் ஓட்டல் பெயர் போட்டோம்.
பிறகு கம்பெனி. பிறகு அரிகிருஷ்ணன்.
இந்த வாட்டி யாரைப் போட?
பென்சிலை வாங்கி அவனே எழுதினான், தமிழில்,
நாக்கு நுனி வெளியே தெரிய:
இனபவலலி.
ஒரு புள்ளிகூட இல்லை.
உறவு என்ற இடத்தில்
ரொம்ப நேரம் யோசித்து
ஜெராகஸ.

கம்ப்யூட்டரில் அப்படி ஏற்ற முடியாது.
அங்கே உறவு ஐந்தே வகை.
'மற்றவை'யைத் தட்டினேன்.
தாளைக் கிழிக்கவில்லை.
புள்ளி வைக்கலாம் என்று எடுத்த பென்சிலை
அடுத்து நின்றவர் கேட்டார்.
கொடுத்துவிட்டேன்.