விற்பனைக்கு, ஓடும் நிலையில்

எண்பது யூரோ. பேரம் வேண்டாம்.
பேரம் பேசத் தேவையான குறைகளை
நானே எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிட்டேன்.

முன் டயரில் இருபத்து மூன்று ஆணிகள் உதிர்ந்துவிட்டன.
பனிக்கட்டியில் திரும்பும்போது நினைவிருக்கட்டும்.
பின்சக்கரத்தில் லேசான கோட்டம்.
எடுத்தேன். மறுபடி விழுந்தது.
மூன்றாவது கியர் இருக்கிறது, ஆனால் கிடையாது.

அழுத்தி மிதித்தால் டொக் என்று கேட்கும்.
பெடல் அச்சு என்பார்கள் எல்லோரும்.
நானும் நம்பி அச்சை மாற்றினேன்,
பேரிங்கை மாற்றினேன்,
இரண்டு குளிர்காலம் போனது.
சத்தம் சீட்டுக் குழாயில் இருந்தது.
கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி இறக்கினால்
ஆறு மாதம் வாய் திறக்காது.
(எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள்,
சத்தம் நின்றால் குற்றவாளி சீட்டுதான்.
முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.)

வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.
பாவமென்று தோன்றும். தோன்றட்டும்.
வெதுவெதுப்பில் பனி உருகி
கேபிள் உறைக்குள் இறங்கும்,
காலையில் வெளியே எடுத்ததும்
பிரேக் கல்லாகிவிடும்.
குளிரில் இருப்பது குளிரிலேயே நலம்.

பூட்டுச் சாவியை உதட்டில் கவ்வாதீர்கள்.
ஒருமுறை கவ்வினேன்.

பிப்ரவரியில் ஒரு நாள்,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று,
விடியாத மூன்றே முக்கால் மணி,
ஔலு ஆற்றுப் பாலத்தின் நடுவில்
பெடல் சும்மா சுற்றியது.
செயின் ஓடுகிறது, பல்சக்கரம் ஓடுகிறது,
சக்கரம் மட்டும் எனக்கென்ன என்று நிற்கிறது.

பின் அச்சுக்குள் சின்னச் சின்ன நாக்குகள் உண்டு.
மிதிக்காமல் உருளும்போது
டிக்டிக்கென்று பேசுவது அவைதான்.
கிரீஸ் உறைந்தால்
நாக்கு மடிந்தபடியே ஒட்டிக்கொள்ளும்.
பிறகு எவ்வளவு மிதித்தாலும் பதில் வராது.

பையில் பேக்கரியின் பிளாஸ்டிக் பட்டைகள் இருந்தன,
மாவு மூட்டையின் வாயைக் கட்டுகிறவை.
கையுறையைக் கழற்றினால் விரல்
பத்து எண்ணும்வரை தாங்கும்.
ஒரு பட்டை, பிறகு அக்குள்.
இன்னொரு பட்டை, பிறகு அக்குள்.
பெரிய பல்சக்கரத்தை ஸ்போக்ஸோடு சேர்த்து
ஆறு இடத்தில் இறுக்கினேன்.
வாலை வெட்டக் கத்தியில்லை,
முள்ளம்பன்றிபோல நீட்டிக்கொண்டு நின்றன.

ஓடியது.
ஆனால் இனிக் கால் நிற்கக் கூடாது.
நின்றால் செயின் தொங்கி
கியரின் கையைப் பிய்த்தெடுக்கும்.
மேட்டில் மிதி. சமதளத்தில் மிதி.
சுரங்கப்பாதை இறக்கத்தில்,
ஊரே கால் ஓய்கிற இடத்தில்,
மிதி.
நாலு கிலோமீட்டர்.

ரௌனோ நினைவுக்கு வந்தார்,
இறக்கத்தைக் கண்டால் காலைத் தூக்கிக்கொள்கிற மனிதர்.
பதினோரு வருடம்.
சரி, அது வேறு வண்டி.

அன்று ரொட்டி ஏழு நிமிடம் தாமதம்.
வண்டியை அடுப்பறைச் சுவரோரம் நிறுத்தினேன்.
மேலே சொன்ன விதிக்கு இது ஒன்றே விலக்கு,
ஆனால் உருகினால் போதாது,
ஈரம் முழுக்கக் காய வேண்டும்.
பிறகு பட்டறையில் வியேனோ
பழைய கிரீஸைக் கழுவிக் களைந்து
மெல்லிய எண்ணெய் விட்டுத் தந்தாள்.
அன்றிலிருந்து நாக்கு பேசுகிறது,
கொஞ்சம் அதிகமாகவே.

பனி போனதும்
நகராட்சி கொட்டிய சரளை மிஞ்சும், பஞ்சர் வரும்.
டியூபை ஒட்டுமுன் டயருக்குள்
பழைய காலுறையை ஓட்டிப் பாருங்கள், விரலை அல்ல.
நூல் எங்கே சிக்குகிறதோ
அங்கே இருக்கிறது கல்.

பெல் விலையில் சேராது, கழற்றிக்கொண்டேன்.
சீட்டுக்கு அடியில் ஒரு டஜன் பட்டைகள் இருக்கின்றன,
அவற்றுக்குக் காசில்லை.

ஈர்யா, மூன்றாம் மாடி.
மாலை ஐந்துக்குப் பிறகு தட்டவும்.
அதுவரை தூங்குவேன்.