உப்புவெளியில் வெள்ளை விரிப்புகள்

உப்புவெளி என்று பேர் வைத்தவனுக்குத்
தண்ணி தெரிந்திருக்கிறது.
பிறகு வந்த நாங்கள்தான்
பேரைப் பேராக மட்டும் வாசித்துக்
குழாய்க்கிணறு அடித்தோம்.

மேலே வரும்போது கண்ணாடி.
வாளியில் விட்டு ஒரு மணித்தியாலம் பொறுத்தால்
மெல்லத் தன் நிறத்தைச் சொல்லும்:
முதலில் பிளேன்ரீ,
பிறகு கேற்றுத் துரு.

என் தொழில் வெள்ளை.
கடற்கரை விடுதிகளின் கட்டில் விரிப்பு,
தலையணை உறை, துவாய்.
உருப்படிக்கு அறுபது ரூபாய்.
கறை இருந்தால் துணி எனக்கு,
விலையும் எனக்கு.

சவர்க்காரத் தூள் இந்தத் தண்ணியில் நுரைக்காது,
திரிந்த பால்போல் மிதக்கும்.
இன்னும் ஒரு கோப்பை, இன்னும் ஒரு கோப்பை.
கடைக்காரர் கேட்டார்:
"பிள்ளை, இதைக் கரைச்சுக் குடிக்கிறீரோ?"

ஒருநாள் அவசரத்தில் பிளீச் விட்டேன்.
இரும்புத் தண்ணியில் பிளீச் ஊற்றுவது
கறைக்குக் கதிரை போட்டு
இருங்கோ என்று சொல்வது.
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை,
பதினொரு விரிப்புகள் சொல்லித் தந்தன.
மனேஜர் லலித் ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்தார்.
கோபப்படவில்லை.
கல்குலேட்டரை எடுத்தார்.

அந்தப் பதினொன்றும் இப்போது எங்கள் வீட்டுக் கட்டில்களில்.
மகள் டிலக்சனா குப்புறக் கிடந்தபடி
கறைக்குக் கறை பேர் வைக்கிறாள்:
இது கொட்டியாரக்குடா, இது புறாத்தீவு,
இந்தச் சின்னது எங்கட வீடு.
ஹோட்டல் துணியிலதான் நாங்கள் படுக்கிறது என்று
பள்ளிக்கூடத்தில் சொல்லியும் இருக்கிறாள்.

கிண்ணியாவிலிருந்து நசூர்தீன் வந்தார், மெசினைத் திறந்தார்.
சூடாக்கும் கம்பியைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தார்.
முருகைக்கல்.
"தங்கச்சி, கடல் உங்கட மெசினுக்குள்ள
குடியேறிட்டுது."
இரவு முழுக்க வினாகிரியில் ஊறப்போட்டோம்.
அது இரைந்து இரைந்து கரைந்தது.
மூன்று நாள் வீடெல்லாம் அச்சாறு மணம்,
சோறு மட்டும் வெறும் பருப்போடு.
அந்தப் பருப்பும் இந்தத் தண்ணியில்
இரண்டு மணித்தியாலம் அடம்பிடித்து வெந்தது.

போத்தலில் தண்ணி அடைத்துப்
பரிசோதனைக்குக் கொடுத்தேன்.
கடினத்தன்மை இவ்வளவு, இரும்பு இவ்வளவு என்று
முத்திரை குத்திய தாள் வந்தது.
குடிப்பதற்கு ஒரு நிரல் இருந்தது.
வெளுப்பதற்கு இல்லை.

பைப்பில் சபைத் தண்ணி விடிய மூன்றரைக்கு வரும்,
வருகிற நாளில்.
அலாரம் வைப்பதில்லை நான்.
குழாய் முதலில் ஒரு தரம் செருமும்,
அந்தச் சத்தத்துக்கு எழும்புவேன்.
நீலப் பீப்பா மூன்றும் நிரம்பும்வரை
வாசல்படியில் இருந்து தூங்கி விழுவேன்.
அழுக்குக்குக் கிணற்றுத் தண்ணி,
கடைசி அலசலுக்குச் சபைத் தண்ணி.
இடையில் படிகாரம், இடையில் பழந்துணி வடிகட்டல்,
இடையில் கொஞ்சம் தூஷணம்.

ஐப்பசியில் வாடை திரும்பியது.
தகரக் கூரையில் முதல் பெருமழை.
பீலியின் கீழ் பீப்பாவை இழுத்து வைத்து
நிரம்பியதும் கையை விட்டுப் பார்த்தேன்.
கல்லும் இல்லை, துருவும் இல்லை.
வருசம் முழுக்க நான் கேட்ட தண்ணி
வானத்திலிருந்து இலவசமாய்.

விடுதிகள் பூட்டிக் கிடந்தன.
கடல் குழம்பிவிட்டது, வெள்ளைக்காரர் போய்விட்டார்கள்.
இனிச் சித்திரை வரைக்கும்
ஒரு துவாய்கூட வராது.

எங்கள் பதினொன்றையும் உருவிக்கொண்டு போனேன்.
கை பழக்கத்தில் ஐந்து கோப்பை தூள் போட்டுவிட்டது.
நுரை எழும்பியது,
தொட்டியைத் தாண்டி, கொடிக்கம்பத்தைச் சுற்றி,
பரீதாவின் கேற்றுக்குக் கீழால் ரோட்டுக்குப் போனது.
நாயொன்று மணந்து பார்த்துத் தும்மியது.
எத்தனை தரம் அலசினாலும்
துணி கையை விட்டு வழுக்கியது.

"அம்மா, இந்தத் தண்ணிக்கு என்ன பிழை?"
முழங்கால்வரை நுரையில் நின்று
டிலக்சனா கேட்டாள்.
விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன்.
புறாத்தீவு அப்படியே இருந்தது.